கிளட்ச் சத்தம் எங்கிருந்து வருகிறது? ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

என்னுடையது இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, பின்சக்கர இயக்கம் கொண்ட பழைய ஸ்போர்ட்ஸ் கார். ஒருநாள் கிருஷ்ணகிரி டோல்கேட் வரிசையில் நின்றபோது கிளட்ச்சை மிதித்தேன். எண்ணெய் காணாத கிணற்று ராட்டினம் சுற்றுவதுபோல ஒரு கிறீச்சல். மறுநாளே ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். ஒரு முறை ஸ்டார்ட் செய்து கேட்டுவிட்டு, "ரிலீஸ் பேரிங் போச்சு சார்" என்றார்கள். கியர்பாக்ஸை இறக்கி கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் மாற்றினார்கள். பாகங்கள் வந்து சேரவே மூன்று வாரம் ஆனது. பணத்தைக் கட்டி வண்டியை வெளியே எடுத்தேன். முதல் சிக்னலிலேயே அதே சத்தம்.

அப்புறம் காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு பெரியவரிடம் போனேன். லாரி கியர்பாக்ஸ் வேலையிலேயே தலை நரைத்தவர். "தம்பி, பெடலைக் காலால மிதிக்காத. கீழ உக்காந்து கையால அமுக்கு" என்றார். நான் அமுக்க, அவர் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். பத்து நிமிடம் ஆகியிருக்காது. "இது பைலட் பேரிங். அதை மட்டும் ஏன் விட்டாங்க?" இரண்டு விரலில் பிடித்துவிடலாம், அவ்வளவு சின்ன பேரிங். அதற்காகக் கியர்பாக்ஸ் இரண்டாவது முறை இறங்கியது.

அன்று அவர் செய்த சோதனைகளும், அதன்பிறகு நான் என் வண்டியிலும் நண்பர்கள் வண்டிகளிலும் செய்து பார்த்துத் தெரிந்துகொண்டவையும்தான் இந்த வழிகாட்டி. இதில் பாதிக்கு மேல் வீட்டு வாசலிலேயே, ஒரு ஸ்பேனர்கூடத் தொடாமல் செய்யலாம்.

முதலில், எது எப்போது சுற்றுகிறது?

இது தெரிந்தால் மீதி எல்லாம் தானாகவே புரியும். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

இஞ்சினில் சுற்றும் முதன்மைத் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் முனையில் பிளைவீல் என்ற கனமான வட்டு இருக்கிறது. அதன்மேல் பிரஷர் பிளேட் போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருக்கும். இரண்டுக்கும் நடுவில் சப்பாத்திக்கட்டைக்கும் பலகைக்கும் இடையில் மாவு சிக்கியதுபோல இறுகியிருப்பது கிளட்ச் பிளேட். அந்தப் பிளேட்டின் நடுத்துளையில் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் நுழைந்திருக்கிறது. பெடலைத் தொடாதபோது இந்த நான்கும் ஒரே வேகத்தில் சேர்ந்து சுற்றும். வண்டி நியூட்ரலில் நின்றாலும் இன்புட் ஷாஃப்ட்டும் கியர்பாக்ஸுக்குள் அதன் பேரிங்குகளும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

பெடலை அமுக்க ஆரம்பித்ததும் நெம்புகோல் போன்ற ஒரு ஃபோர்க்கோ ஹைட்ராலிக் சிலிண்டரோ ரிலீஸ் பேரிங்கைத் தள்ளி, பிரஷர் பிளேட்டின் விரல் போன்ற ஸ்பிரிங் முனைகளில் அழுத்தும். அந்த நொடியிலிருந்து ரிலீஸ் பேரிங் சுமை தாங்குகிறது. இன்னும் அமுக்கினால் கிளட்ச் பிளேட் விடுபடும். இப்போது இஞ்சின் சுற்றுகிறது, இன்புட் ஷாஃப்ட் வேகம் குறைந்து நிற்கப் பார்க்கிறது.

பைலட் பேரிங் என்பது இன்புட் ஷாஃப்ட்டின் நுனியைத் தாங்க கிராங்க் முனையில் பொதிந்திருக்கும் குட்டி பேரிங். பெடல் மேலே இருக்கும்போது ஷாஃப்ட்டும் கிராங்க்கும் சேர்ந்தே சுற்றுவதால் அதற்கு வேலையே கிடையாது. கிளட்ச் முழுதாக விடுபட்ட பிறகுதான் அது உருளும். இஞ்சினும் கியர்பாக்ஸும் நீளவாக்கில் அமைந்த பின்சக்கர இயக்க கார்களில் இதைப் பார்க்கலாம். முன்சக்கர இயக்க கார்களில் பெரும்பாலும் இருக்காது.

ஆக, சத்தம் எப்படிப்பட்டது என்பதைவிட, பெடல் எந்த நிலையில் இருக்கும்போது அது வருகிறது, எந்த நிலையில் நிற்கிறது என்பதுதான் கேள்வி. "கிளட்ச்ல சத்தம் வருது" என்று மட்டும் பட்டறையில் சொன்னால், ரிலீஸ் பேரிங் மேல்தான் முதலில் பழி விழும்.

தயாராகுங்கள்

அமைதியான இடம் வேண்டும். பெங்களூரு, சென்னை, சேலம் மூன்று பக்கத்து லாரிகளும் கூடுகிற ஊர் நம்முடையது. நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றால் பேரிங் முனகல் காதில் விழவே விழாது. நான் விடியற்காலையில் கே.ஆர்.பி. அணை (கிருஷ்ணகிரி அணை) பக்கம் போய்விடுவேன். தர்மபுரிக்காரர்கள் ஒகேனக்கல் சாலையில் பென்னாகரம் தாண்டி ஓர் ஓரம் பார்த்துக்கொள்ளலாம்.

சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். ஏசி, ஃபேன், பாட்டு எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். கூட ஓர் ஆள் இருந்தால் நல்லது. ஒருவர் பெடலில், ஒருவர் வெளியே. மூடிய ஷெட்டுக்குள் இஞ்சினை ஓடவிட்டுச் சோதிக்கவே கூடாது. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையை நீட்டுவதும் வேண்டாம்.

எல்லாச் சோதனையையும் இரண்டு முறை செய்யுங்கள்: காலையில் இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஒரு முறை, 20 நிமிடம் ஓட்டிய பிறகு ஒரு முறை. கிரீஸ் வற்றிப்போன பேரிங் சில சமயம் சூடான பிறகுதான் வாய் திறக்கும். போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். அந்தப் பதிவு பிறகு மெக்கானிக்கிடம் பேச உதவும்.

படி 1: இஞ்சின் ஆஃப், பெடல் மட்டும்

சாவியைத் திருகாமல் பெடலை மெதுவாகப் பத்து முறை அமுக்கி விடுங்கள். இப்போது கீச்சென்று கேட்டால் நல்ல செய்தி. சுற்றுவது எதுவும் இல்லை என்பதால் எந்த பேரிங்கும் காரணமாக இருக்க முடியாது. பெடல் புஷ், பெடல் ஸ்பிரிங், பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரின் தள்ளுகோல், கேபிள் வண்டியானால் கேபிள், இவற்றில் ஒன்று. டாஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டுக் கேட்டால் தெரிந்துவிடும். சத்தம் உள்ளே இல்லை, கியர்பாக்ஸ் பக்கம் கேட்கிறது என்றால் ஃபோர்க் உட்காரும் குமிழில் கிரீஸ் காய்ந்திருக்கும். ஃபோர்க் வெளியே வரும் இடத்து ரப்பர் கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கிரானைட் குவாரிகள் நிறைந்த பகுதி இது. கிழிந்த ரப்பர் வழியாக அந்த மாவுத் தூசி உள்ளே போய்க் கிரீஸோடு கலந்தால் அரைக்கும் பசைதான்.

படி 2: இஞ்சின் ஆன், நியூட்ரல், பெடலைத் தொடாமல்

ஐடிலில் ஒரு நிமிடம் விடுங்கள். கரகரவென்றோ மெல்லிய உறுமலாகவோ கேட்டு, பெடலை முழுதாக அமுக்கியதும் ஓரிரு நொடியில் அடங்கிப்போனால், சந்தேகம் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங் மேல். ஆக்சிலேட்டரைத் தொட்டால் உறுமலும் சுருதி ஏறும். கியர் ஆயில் அளவையும் உடனே பாருங்கள். ஆயில் குறைந்து போன பெட்டியும் இப்படித்தான் அழும்.

உறுமலாக இல்லாமல் டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கியதுபோல கடகடவென்றால் கதை வேறு. கிளட்ச் பிளேட்டின் நடுவில் அதிர்வு தாங்கும் சுருள் ஸ்பிரிங்குகள் உண்டு. அவை தளர்ந்திருக்கலாம். இல்லை, இரண்டு வட்டுகளை ஸ்பிரிங் வைத்துச் சேர்த்த டூயல் மாஸ் பிளைவீலில் (இரட்டைப் பிளைவீல்) அந்த உள் ஸ்பிரிங் தேய்ந்திருக்கலாம்.

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் இங்கே ஒரு விஷயத்தைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லாச் சத்தமும் நோய் ஆகாது. எடை குறைந்த ஒற்றைப் பிளைவீல் போட்ட வண்டியில் இஞ்சினின் துடிப்பை உறிஞ்ச ஆள் இல்லாததால் கியர் பற்கள் ஒன்றையொன்று தட்டிக்கொண்டேயிருக்கும். 997 வரிசை போர்ஷே 911 ஜிடி3 ஆர்எஸ் ஐடிலில் கடகடப்பது அப்படித்தான், புதிதாக வந்தபோதே அந்தச் சத்தம் அதில் இருந்தது. உங்கள் வண்டியை முன்பு வைத்திருந்தவர் பிளைவீலை மாற்றியிருக்கிறாரா என்று விசாரியுங்கள். அதேபோல இரட்டைப் பிளேட் கிளட்ச் போட்ட வண்டியில் பெடலை அமுக்கும்போது நடுத்தட்டு ஆடிச் சலசலக்கும். அதுவும் அதன் இயல்பு.

படி 3: கையால் ஓர் அங்குலம்

பெரியவர் சொல்லிக்கொடுத்ததில் எனக்குப் பெரிதாகப்பட்டது இதுதான். காலுக்கு அழுத்தம் தெரியாது, கைக்குத் தெரியும். நியூட்ரலில் இஞ்சின் ஓட, பெடலை உள்ளங்கையால் மிக மெல்ல அமுக்குங்கள். முதலில் ஒன்றும் தடுக்காது. பிறகு லேசாக ஏதோ முட்டுவது தெரியும். ரிலீஸ் பேரிங் ஸ்பிரிங் விரல்களைத் தொடும் இடம் அது. அங்கேயே நிறுத்துங்கள்.

சரியாக அந்த இடத்தில் கிறீச்சலோ சீறலோ தொடங்கி, இன்னும் அமுக்க அமுக்க ஏறினால் ரிலீஸ் பேரிங்தான். கிளட்ச் இன்னும் விடுபடவே இல்லை என்பதால் பைலட் பேரிங்கைக் குற்றம் சொல்ல முடியாது.

இதற்கு நேர் எதிராகவும் நடக்கும். பெடலைத் தொடாதபோது குருவி கத்துவதுபோல ஒரு சத்தம், கையை வைத்த கணத்தில் நின்றுவிடும். பல ஹைட்ராலிக் கிளட்ச்களில் ரிலீஸ் பேரிங் எப்போதும் ஸ்பிரிங் விரல்களைத் தொட்டபடியே சுற்றும். அழுத்தம் போதாமல் அது வழுக்கி வழுக்கிச் சுற்றினாலோ, ஃபோர்க் தளர்ந்து ஆடினாலோ இந்தக் குருவிச் சத்தம் வரும். உடனே பயப்பட வேண்டிய நிலை இல்லை, ஆனால் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: முழுதாக அமுக்கி, பிறகு கியர் போட்டு

என் வண்டியின் உண்மை வெளிவந்தது இந்தப் படியில்தான். நியூட்ரலில் பெடலைத் தரைவரை அமுக்கிப் பிடியுங்கள். மனதுக்குள் ஐந்துவரை எண்ணுங்கள். சத்தம் உடனே வராமல், இன்புட் ஷாஃப்ட் வேகம் குறையக் குறைய மெல்ல ஏறுகிறதா? இப்போது பெடலை விடாமலே முதல் கியர் போடுங்கள். சக்கரம் நிற்பதால் ஷாஃப்ட்டும் அந்தக் கணமே நின்றுவிடும். சத்தம் சட்டென்று உச்சத்துக்குப் போனால் பைலட் பேரிங். கியர் போட்டும் போடாமலும் சத்தம் ஒரே மாதிரி இருந்தால் ரிலீஸ் பேரிங் பக்கம் திரும்புங்கள். என் வண்டியில் முதல் பட்டறை இந்த ஒரு சோதனையைச் செய்திருந்தால் ஒரு முறை கியர்பாக்ஸ் இறக்கிய கூலியும் மூன்று வாரமும் மிஞ்சியிருக்கும்.

இதே நிலையில் இன்னொன்றும் பாருங்கள். பெடலை அமுக்கி ஐந்து நொடி பொறுத்து ரிவர்ஸ் போடும்போது கர்ரென்று பல் உரசினால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. ஹைட்ராலிக் ஆயில் குறைவு, குழாயில் காற்று, பெடலின் அழுத்தத்தை வாங்கி ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரில் கசிவு ஆகியவற்றில் ஒன்றாக இருக்கலாம். நிசான் 370இசட் போன்ற கார்களில் ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸ் மூடிக்குள்ளேயே, ரிலீஸ் பேரிங்கோடு சேர்ந்து, இன்புட் ஷாஃப்ட்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். கசிந்தால் வெளியே தெரியாது. கியர்பாக்ஸும் இஞ்சினும் சேரும் இடத்தில், கீழ்ப்பக்கம் ஈரம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும்.

படி 5: பெடல் அமுக்கும்போது கிராங்க் நகர்கிறதா?

இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். கனமான பிரஷர் பிளேட் போட்ட வண்டியில் ஒவ்வொரு மிதிக்கும் கிராங்க் ஷாஃப்ட் முன்பக்கம் தள்ளப்படுகிறது. அந்தத் தள்ளலைத் தாங்குவது இஞ்சினுக்குள் இருக்கும் திரஸ்ட் வாஷர். பெடலை அமுக்கியதும் இஞ்சின் வேகம் குறைந்து, அடிவயிற்றிலிருந்து உலோகம் உரசுவதுபோலக் கேட்டால் உடனே அணைத்துவிடுங்கள். இஞ்சின் ஆஃபில் ஒருவர் பெடலை அமுக்க, மற்றவர் முன்பக்கக் கிராங்க் புல்லியைக் கவனிக்கட்டும். கண்ணுக்கே தெரியும் அளவு முன்னும் பின்னும் நகர்ந்தால் வண்டியை ஓட்டவே வேண்டாம், டோ செய்து கொண்டுபோங்கள். சந்தேகமாக இருந்தால் நுண்ணிய நகர்வைக் காட்டும் டயல் கேஜ் வைத்து அளந்து, உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவோடு ஒப்பிட வேண்டும். இதை விட்டுவிட்டு வெறும் கிளட்ச்சை மாற்றினால் அடுத்து இஞ்சினையே பிரிக்க நேரும்.

படி 6: பிடிக்கும் இடம்

முதல் கியரில் பெடலை மெதுவாக விட்டு வண்டியை நகர்த்துங்கள். உடம்பு குலுங்க, தடதடவென்று நகர்ந்தால் பிளேட்டில் ஆயில் பட்டிருக்கலாம், பிளைவீல் சூட்டில் நீலம் பாரித்திருக்கலாம், இஞ்சினைத் தாங்கும் ரப்பரான இஞ்சின் மவுண்ட் கிழிந்திருக்கலாம். மவுண்ட்தான் மலிவு என்பதால் அதை முதலில் பாருங்கள். செராமிக் வில்லைகள் ஒட்டிய ரேஸ் பிளேட் போட்டிருந்தால் குலுங்கலும் கீச்சும் ஓரளவு இருக்கத்தான் செய்யும்.

படி 7: சாலையில்

சாலையில் செய்ய வேண்டிய சோதனை சின்னது. இரண்டாவது கியரில் ஒரு நீளச் சுவரை ஒட்டிக் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுங்கள். சுவரில் பட்டுத் திரும்பும்போது சத்தம் எந்தப் பக்கம் என்று தெளிவாகத் தெரியும். ஆக்சிலேட்டரை அமுக்கும்போது ஒரு மாதிரி, விடும்போது வேறு மாதிரி என்றால் கியர்பாக்ஸோ, சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலோ. நியூட்ரலில் உருளவிட்டும் தொடர்ந்தால் வீல் பேரிங். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் இஞ்சின் பிரேக்கில் வரும்போது பின்னாலிருந்து ஊளையிடுகிறது என்று ஒரு நண்பர் சொன்னார். கிளட்ச் என்றே நினைத்திருந்தார், கடைசியில் டிஃபரன்ஷியலில் ஆயிலே இல்லை. ஆனால் சோதனைக்காகத் தொப்பூருக்குப் போகாதீர்கள். விபத்துக்குப் பேர்போன அந்த இறக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டுவது ஆபத்து.

படி 8: அணைக்கும்போது

சாவியைத் திருப்பி அணைத்ததும் டொக் டொக்கென்று ஓர் இடி விழுந்தால், ஸ்டார்ட் ஆகும்போதும் அதே இடி கேட்டால், டூயல் மாஸ் பிளைவீல்மேல் சந்தேகம் உறுதியாகிறது. பெடலை அமுக்கிக்கொண்டு அணைத்தால் இடி குறைகிறதா என்றும் பாருங்கள்.

ஏமாற்றும் சத்தங்கள்

கியர்பாக்ஸை இறக்கச் சொல்லும் முன் இவற்றையும் தள்ளிவிட வேண்டும். சைலன்சரின் வெப்பத் தகடு தளர்ந்தால் ஐடிலில் பிளைவீல் போலவே கடகடக்கும். ஒரு நீள ஸ்க்ரூடிரைவரை மெல்ல அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரஸர் பேரிங்குகள் பெடலைப் பற்றிக் கவலைப்படாமல் ஒரே மாதிரி கத்தும். பிளைவீலுக்குக் கீழே இருக்கும் மெல்லிய தகரம் வேகத்தடையில் இடித்து வளைந்தால் சீராக உரசும். தாழ்வான ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு நம் ஊர் வேகத்தடைகளில் இது சாதாரணம். சத்தத்தின் இடத்தைத் துல்லியமாகப் பிடிக்க மெக்கானிக் ஸ்டெதஸ்கோப் வாங்கலாம். இல்லையென்றால் அதே நீள ஸ்க்ரூடிரைவரின் முனையைக் கியர்பாக்ஸ் மூடியில் வைத்துக் கைப்பிடியைக் காதில் வையுங்கள். பெல்ட், ஃபேன் பக்கம் துண்டோ தளர்ந்த சட்டையோ போகக் கூடாது. இந்திய ஸ்போர்ட்ஸ் காரான டிசி அவந்தி போல இஞ்சின் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் காரில் ஓட்டுநர் காதுக்கு எல்லாமே ஒன்றாகத்தான் கேட்கும். அங்கே வெளியே நிற்பவர் சொல்வதை நம்புங்கள்.

கியர்பாக்ஸ் இறங்கும்போது கூடவே இருங்கள்

முடிந்தால் அன்று லீவு போடுங்கள். நான் இரண்டாவது முறை முழு நாளும் பட்டறையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

இறக்கும்போது கியர்பாக்ஸின் எடை இன்புட் ஷாஃப்ட் வழியாகக் கிளட்ச் பிளேட்டில் தொங்கக் கூடாது. பிளேட்டின் நடு வளைந்துபோகும், புதுப் பிளேட்டும் பாழ். கீழே ஜாக்கி தாங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

உள்ளே கருப்பாக எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மோந்து பாருங்கள். கந்தக நெடி அடித்தால் கியர் ஆயில், அதாவது இன்புட் ஷாஃப்ட் சீல் போயிருக்கிறது. அந்த நெடி இல்லையென்றால் கிராங்க்கின் பின் ஆயில் சீலைப் பாருங்கள். சீலை மாற்றாமல் புதுப் பிளேட் போடுவது ஒழுகும் ஓட்டின் கீழ் வெள்ளையடிப்பதுபோல.

ரிலீஸ் பேரிங்கைக் கையில் வைத்து அழுத்திச் சுற்றுங்கள். கரகரப்பு விரலிலேயே தெரியும். நல்ல பேரிங் என்று தோன்றினாலும் அதை டீசலிலோ பெட்ரோலிலோ கழுவ விடாதீர்கள். அது மூடிய பேரிங், கழுவினால் உள்ளிருக்கும் கிரீஸ் கரைந்து சீக்கிரம் செத்துவிடும். அது நகரும் குழாயில் பள்ளம் விழுந்திருக்கிறதா, ஃபோர்க் குமிழ் ஒருபக்கம் தேய்ந்திருக்கிறதா, ஸ்பிரிங் விரல்களின் உயரம் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். பிளைவீலில் மயிரிழை விரிசலும் நீலத் திட்டும் இருந்தால் ஒற்றைப் பிளைவீலை லேத்தில் முகம் எடுக்கலாமா என்று கேளுங்கள். டூயல் மாஸ் பிளைவீலைப் பெரும்பாலும் அப்படிச் செய்ய விடமாட்டார்கள், மாற்றத்தான் வேண்டும்.

பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், சீல் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள். கூலிதான் பெரிது, இறக்குவது ஒரே வேலை. இன்புட் ஷாஃப்ட்டின் பல்வரிகளான ஸ்பிளைனில் கிரீஸ் தடவினால் படலம்போலத்தான் இருக்க வேண்டும். அதிகமானால் சுற்றும்போது தெறித்துப் பிளேட்டில் படும். பிளைவீல் போல்ட் ஒருமுறை மட்டுமே பயன்படுத்தும் வகை என்றால் புதியது கேட்டு வாங்குங்கள், முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்தே முடுக்கச் சொல்லுங்கள். ஹைட்ராலிக் ஆயிலையும் அன்றே மாற்றிக் காற்று எடுத்துவிடலாம்.

வண்டி திரும்பி வந்ததும் அதே விடியற்காலை, அதே அணைப் பக்கம் போய் எட்டுப் படிகளையும் மறுபடி செய்து, பழைய பதிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் சில நூறு கிலோமீட்டர் வேகமாகக் கிளப்பாமல், மேட்டில் கிளட்ச்சில் நிறுத்தாமல் ஓட்டினால் புதுப் பிளேட் சீராகப் படியும். டோல்கேட் வரிசையில் முன்னால் ஐந்து வண்டி இருந்தால் நான் இப்போது நியூட்ரல் போட்டுக் காலை எடுத்துத் தரையில் வைத்துவிடுகிறேன். ரிலீஸ் பேரிங்குக்கு அந்த இரண்டு நிமிடமும் ஓய்வு.